பதினேழாம் எண் குழாய்

நகரக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வழங்கிய பெயர் ஒண்ணுமில்லையார். இருபத்திரண்டு வருடமாகக் குழாய் குழாயாகப் போய், தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்து, ஒரு வாய் கொப்பளித்து, நிறம், மணம், சுவை என்ற மூன்று கட்டங்களிலும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிச் சம்பளம் வாங்குபவர் அவர். இதை லேசான வேலை என்று நினைப்பவர்கள் செய்து பார்க்கலாம். இதற்காக அவர் காலையில் காபி குடிப்பதில்லை, வாசனை சோப்பைத் தொடுவதில்லை. சமையல் எப்படி என்று மனைவி கேட்டால் நாக்கைச் சுழற்றி யோசித்துவிட்டு, குறை ஒன்றும் தெரியவில்லை என்பார். கல்யாணமான புதிதில் அந்த அம்மாள் இதற்கு அழுதாள். அவருடைய தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று தெரிந்த பிறகு, அழுகையை வேறு விஷயங்களுக்கு ஒதுக்கிவைத்தாள்.

மூக்குக்கும் நாக்குக்கும் பிடிபடாத கிருமிகளுக்கென்று தனிப் புட்டி உண்டு. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாயின் வாயைச் சுட்டு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கை படாமல் பிடித்து வர வேண்டும். கூடத்தில் அதில் ஒரு பொடியைப் போட்டு, மறுநாள் காலை வரை வெதுவெதுப்பில் வைப்பார்கள். நிறம் மாறாவிட்டால் ஊர் தப்பித்தது. மஞ்சளானால் கிருமி இருக்கிறது. அவர் பிடித்த புட்டி ஒன்றுகூட மஞ்சளானதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்று மஞ்சளாயிற்று. பதினேழாம் எண் குழாயில், முந்தின நாள் பிடித்தது.

பதினேழாம் எண் என்பது அவருடைய அக்கா வீட்டுச் சமையலறை. மேட்டுப் பகுதியில் சோதனைக்கு ஒரு குழாய் தேவைப்பட்டபோது தம்பிதான் அந்த வீட்டைச் சிபாரிசு செய்தார். அன்றிலிருந்து தெருவில் அக்காவின் நடையே மாறிவிட்டது. ஊர்த் தண்ணீர் நல்லதா கெட்டதா என்பதைத் தன் வீட்டில்தான் தீர்மானிக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி, அக்கம்பக்கத்துக் குழாய்களை இரண்டாந்தரமாக்கியிருந்தாள்.

கூடத்தின் தலைமை வேதியியலாளர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். அந்த அம்மா புட்டியை ஊதா விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். ஒளிரவில்லை. அதாவது சாக்கடைக் கிருமி இல்லை, ஏதோ சில்லறைக் கிருமி. அதனால் ஒரு நாள் அவகாசம் உண்டு. அதே குழாயிலும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வீடுகளிலும் மறுபடி பிடித்து வர வேண்டும். அவையும் மஞ்சளானால், மேட்டுப் பகுதியில் உள்ள எண்பதாயிரம் பேரும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். அறிவிப்பை அப்போதே தட்டச்சு செய்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டுவைத்தார்கள்.

“மூணும் தெளிவா வந்தா, மேடம்?” என்று கேட்டார் ஒண்ணுமில்லையார்.

“அப்போ தண்ணியில தப்பில்லை, பிடிச்ச கையிலதான் தப்பு. மெமோ குடுக்க வேண்டியிருக்கும் சார். மனசுல வச்சுக்காதீங்க.”

ஆக, வழக்கு ஊருக்கும் அவருக்கும் இடையில். அவர் பெயர் நிலைக்க வேண்டுமானால் எண்பதாயிரம் பேர் அடுப்பில் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஸ்கூட்டரில் போகும்போது, தப்பு தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டார். ஆனால் என்ன தப்பு? கை கழுவினார், பஞ்சைக் கொளுத்தினார், குளோரின் பார்த்தார், அளவாகவே இருந்தது. தேவைப்படும் நேரத்தில் ஒரு தப்பு அகப்படுகிறதா பாருங்கள்.

அக்காவிடம் விஷயத்தை மூச்சுவிடவில்லை. நேற்றுத்தானே வந்தாய் என்று கேட்டவளிடம், நேற்று வந்தது நேற்றைய தண்ணீர் என்று சமாளித்தார். குழாய் போன வாரம் மாற்றிய எவர்சில்வர் குழாய். முகம் பார்த்துத் தலை வாரலாம். அதன் வாயைச் சுட்டார், தண்ணீரைத் திறந்துவிட்டார், புட்டியில் எண்ணும் நேரமும் எழுதத் திரும்பினார். எழுதிவிட்டு நிமிர்ந்தால், பாத்திரம் துடைக்கும் துணியோடு அக்காவின் கை குழாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பாய்ந்து பிடித்தார்.

“என்னக்கா பண்றே?”

“கரி படிஞ்சிருக்குடா. புதுக் குழாய், பார்க்கச் சகிக்கலை. நேத்தும் நான்தான் தொடைச்சேன். நீ முதுகைக் காட்டிக்கிட்டு எழுதிட்டிருந்தே.”

“இந்தத் துணியாலயா?”

“பின்னே, குழாய்க்குன்னு பட்டுல வாங்கி வச்சிருப்பாங்களா?”

அவர் துணியை வாங்கிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் முகர்ந்தும் பார்த்தார். நிறம் இருந்தது, மணமும் தாராளமாக இருந்தது. சுவை வரைக்கும் போகவில்லை. இப்படியொரு அழுக்குத் துணியை வைத்திருந்ததற்காக அக்காவின் காலில் விழலாம் போலிருந்தது. ஆனாலும் துணிதான் குற்றவாளி என்று புட்டி சொல்ல வேண்டும், தம்பி சொல்லி ஆகாது. குழாயை மறுபடி சுட்டு, அக்காவை வாசற்படியில் நிறுத்தி, நிரப்பிக்கொண்டார். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் சமையலறையிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள்.

புதன்கிழமை காலை மேடம் வெதுவெதுப்புப் பெட்டியைத் திறந்தபோது அவர் பின்னால் நின்றார். மூன்று புட்டியிலும் வெறும் தண்ணீர். வைத்தபடியே இருந்தது. மேடம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், குறித்துக்கொண்டார், அறிவிப்பை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். மேட்டுப் பகுதியில் அந்நேரம் எண்பதாயிரம் பேர் எதுவும் தெரியாமல் குழாயைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

பிறகு மெமோ வந்தது. விளக்கப் பகுதியில் அவர் எழுதினார்: ‘சுட்ட குழாயை வீட்டுக்காரர் துணியால் துடைத்தார். பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவன் நான், பார்க்கவில்லை. தவறு என்னுடையது.’ அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். கண்டனக் கடிதத்தை இப்படிப் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்ட ஊழியரை மேடம் பார்த்ததில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

“உடம்பு நல்லாத்தான் இருக்கு மேடம். இதுல ஒரு காப்பி கிடைக்குமா? வீட்டுல காட்டணும்.”