நல்லா இருக்கறப்பவே குடுத்தா இன்னா?

எலுமிச்சம்பழ வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன ரூம்தான் ஞாபகம் வரும்...

செஞ்சி கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. கவுன்சிலராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ரெண்டு நாற்காலி, ஒரு ஃபேன், ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலைக்கோட்டை. எந்நேரமும் ஸ்பிரிட் வாடை. கஸ்தூரி அக்கா வந்துவிட்டுப் போனால் மட்டும் அன்று முழுக்க எலுமிச்சை மணக்கும்.

அக்கா மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்றவர். போர்வெல் லாரியில் வேலை செய்த புருஷன் இந்த நோயில்தான் போய்ச் சேர்ந்தார். டெஸ்ட் எடுத்ததில் அக்காவுக்கும் இருந்தது.

மாத்திரை அப்போதே வந்துவிட்டது. சாப்பிட்டால் பிழைக்கலாம் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் எல்லாருக்கும் கொடுக்க வழியில்லை. அதனால் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி அணுக்களை எண்ணிப் பார்த்து, ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே இறங்கினவர்களுக்குத்தான் மாத்திரை.

அக்காவுக்கு அந்த எண்ணிக்கை கோட்டுக்கு மேலே நின்றது.

"இப்போதைக்கு மாத்திரை வேணாம்க்கா. நல்ல விஷயம்தான்" என்றேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "இன்னா மேடம் அநியாயமா இருக்குது? நோவு முத்துனாதான் மருந்தா? நல்லா இருக்கறப்பவே குடுத்தா இன்னா?"

ரெண்டு பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை வந்தபோது இளைத்திருந்தார். மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். மெஷின் இருப்பதோ விழுப்புரத்தில். எடுத்த ரத்தம் அன்றைக்கே போய்ச் சேராவிட்டால் வீண். ரத்தம் எடுப்பதும் மாதத்தில் ஒரு நாள்தான். அந்த மாதம் அது அமாவாசையில் வந்து விழுந்தது. அக்காவுக்கு யாவாரமே அன்றைக்குத்தான்.

"அங்காளம்மா கோச்சுக்க மாட்டா மேடம். உசுரு இருந்தாத்தான யாவாரம்" என்று, பழக்கூடையை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு வந்து கையை நீட்டினார்.

ஐஸ் பெட்டியோடு எங்கள் லேப் அண்ணன் பஸ் ஸ்டாண்டில் நின்றார்... நின்றுகொண்டே இருந்தார். வந்ததெல்லாம் மலையனூர் ஸ்பெஷல். படியில் ஜனம் தொங்குகிறது. எப்படியோ ஒரு விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்து அவர் போய்ச் சேர்ந்தபோது லேப் பூட்டியிருந்தது.

"அடுத்த மாசம் அனுப்புங்க" என்று போனில் சொன்னார்கள். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் மெஷின் ரிப்பேர்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவது? பஸ்ஸையா, மெஷினையா, கோடு போட்டவர்களையா?

கடைசியாக நம்பர் வந்தபோது கோட்டுக்கு ரொம்பக் கீழே இருந்தது. அதற்குள் டிபி வேறு பிடித்துக்கொண்டது. ஒருவழியாக மாத்திரையைக் கையில் கொடுத்தேன். அக்கா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இவ்ளோதானா மேடம்? இதுக்கா இம்மா அலைச்சல்?"

அடுத்த அமாவாசைக்கு அவர் இல்லை.

இப்போது அந்தக் கோடே கிடையாது. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள். நோய் தெரிந்த அன்றைக்கே மாத்திரை கொடுக்கலாம். ரூமும் பெரிசாகிவிட்டது.

போன வாரம் ஒரு தம்பி வந்திருந்தான். செல்போன் கடையில் வேலை. மாத்திரை டப்பாவை என் பக்கமே தள்ளினான்.

"நான் நல்லாத்தான இருக்கேன் மேடம்? கொஞ்ச நாள் போவட்டுமே. இப்பவே எதுக்கு?"

எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ...

"நல்லா இருக்கறப்பவே போடுடா!" என்று கத்திவிட்டேன்.

கவுன்சிலர் கத்தக்கூடாது. தெரியும். தம்பி மிரண்டுபோய், என் பாட்டில் தண்ணீரிலேயே போட்டுக்கொண்டான். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவன் நன்றாக இருப்பான்.

அக்காவும் இருந்திருப்பார்.