ஏழாவது குழியின் நெளிவு

ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டி, ஒற்றைக் கண்ணால் நிலத்தின் சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுபத்தாறு வயது. கோல்ஃப் மைதானங்களை வடிவமைப்பது தொழில். நாற்பது வருஷமாக இப்படித்தான். மயங்கி விழுந்துவிட்டார் என்று பதறி ஓடிவந்து முகத்தில் தண்ணீர் அடித்தவர்களும் உண்டு. "நின்னு பாத்தா எல்லா நிலமும் பொய் சொல்லும். கன்னத்தை வச்சாத்தான் வழிக்கு வரும்" என்பார். வீட்டுக் கூடத்திலும் படுத்துப் பார்ப்பார். "கட்டி முடிச்ச வீட்டுக்கு இன்னும் வாட்டம் பாக்குறாரு. வந்தவங்க இவரைத் தாண்டித்தான் உள்ள வரணும்" என்பது மனைவியின் புலம்பல்.

முன்பெல்லாம் காகிதத்தில் ஒரு கோடு இழுத்துக் கொடுப்பார். புல்டோசர் ஓட்டுபவரின் தோளைத் தட்டி, "போர்வை போத்திப் படுத்தவன் முதுகு மாதிரி ஒரு மேடு போடுப்பா" என்பார். அவ்வளவுதான். காகிதத்தில் பிசகு இருந்தால் ஓட்டுபவரின் கண்ணே அதைச் சரிசெய்துவிடும்.

இப்போது ஒப்பந்தக்காரன் அவருடைய தங்கை மகன். அவன் இயந்திரங்கள் செயற்கைக்கோளைக் கேட்டு மண் தள்ளுகின்றன. மூன்று மாத வேலை ஒரு வாரத்தில் முடிகிறது. அதில் அவருக்குச் சந்தோஷம்தான். "மாமா, நீங்க வரைஞ்சதுல மயிரிழை மாறாது, நிம்மதியா தூங்குங்க" என்று அவன் சொன்னான் பாருங்கள், அன்றைக்குப் போனது தூக்கம். "அந்த மெஷினுக்கு ஒரு சந்தேகம்கூட வராதாடி?" என்று மனைவியை எழுப்பிக் கேட்டார்.

காரணம் வலது கை. ஆறு மாதமாக நடுங்குகிறது. அது மனைவிக்கு மட்டும் தெரியும். மைதான முதலாளி காதுக்குப் போனால், பதினெட்டுக் குழிகளில் மீதமுள்ள பதினொன்றும் வேறொருவர் கைக்குப் போய்விடும். அதனால் கூட்டங்களில் தேநீர் வந்தால், "வயிறு சரியில்லை" என்று நகர்ந்துவிடுகிறார்.

பயந்தது ஏழாவது குழியில் நடந்தது. அங்கே மணற்பள்ளத்தின் விளிம்பு சீராக வளைய வேண்டும். அதுவோ, அவர் கோட்டின் நடுக்கம் அப்படியே மண்ணில் இறங்கி, ரம்பப் பல்லாக நெளிந்து நின்றது. நின்றபடியே பார்த்தார். படுக்கத் தேவையிருக்கவில்லை. நெளிவுகளில் நீர் தேங்கும், நாலு மழைக்கு விளிம்பு சரியும் என்பதும் தெரிந்தது.

"எப்படி மாமா யோசிச்சீங்க இதை?" மருமகன் முகமெல்லாம் பல். "முதலாளி சொக்கிப் போயிட்டாரு. போட்டோ புடிச்சு ஊரெல்லாம் காட்டுறாரு. மிச்சக் குழிக்கெல்லாம் இதையே போடச் சொல்லிட்டாரு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினொரு குழிகளும் அவருடையவைதான். மழை வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

"என்ன மாமா, கெத்தா? சொல்ல மாட்டீங்களா?" என்று சிரித்தபடி மருமகன் கைக்கணினியையும் அதன் பேனாவையும் நீட்டினான். "எட்டாவது குழியோட படம். சரின்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, வண்டியை எடுக்கச் சொல்லிடறேன்."

அவர் பேனாவை வாங்கவில்லை. நீட்டியிருந்த அவன் முன்கையின்மேல் தம் வலது கையை வைத்தார். அவன் சிரிப்பு அடங்கும்வரை எடுக்கவில்லை.