நாலு தையல்

மலேசியாவில், லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த காலத்தில், ஆப்பரேஷன் முடிந்து வந்தவரைப் பார்க்க பிஸ்கட் டின்னோடு வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை தையல்?" என்றுதான். எண்ணிக்கை கூடினால் மரியாதையும் கூடும். எழுபதுகளில் எனக்குக் குடல்வாலை எடுத்தபோது பதினாலு தையல். வந்தவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். ஒரு மாதம் படுத்தே கிடந்தேன். என் மனைவி ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து எனக்குக் கஞ்சியும் வைத்துக் கொடுத்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்குப் பித்தப்பையில் கல் வந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் அப்போதுதான் வந்திருந்த புது முறையில் செய்வதாகச் சொன்னார்கள். வயிற்றுக்குள் காற்றேற்றி, நாலு சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே பையை எடுத்துவிடுவார்களாம். டாக்டர் தமிழர்தான்.

"தோள்பட்டை வலிக்கும்மா. உள்ள ஏத்துற காத்துனாலதான், ரெண்டு மூணு நாள்ல போயிரும். எழுந்து நடக்கலாம். ஆனா ஒரு மாசத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது" என்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு வசதியானது மட்டும் காதில் ஏறியது. நடக்கலாம் என்றாரே, அது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்க வந்தவர்கள் முன்னால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாலு பிளாஸ்டரையும் காட்டினாள்.

"இதுக்குப் பேரு ஆப்பரேஷனா? கொசு கடிச்ச மாதிரில்ல இருக்கு லா" என்றாள் அந்த அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தவன் நான். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தோள் வலிக்கிறது என்றாள். டாக்டர் சொன்னதை நானே கேட்டிருந்தும், "வயித்துல கை வச்சா தோளு ஏன் வலிக்குது?" என்று எரிந்து விழுந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்த எம்.சி. விடுப்பு இன்னும் முடியவில்லை. பத்தாம் நாள் காலையில் கேட்டேன், "நாலு தையலுக்கு எத்தனை நாளுதான் படுப்ப?"

அவள் எழுந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனாள். ஆள் குறைவாக இருந்ததால் மேற்பார்வை பார்க்கும் மண்டோரும் எதுவும் கேட்கவில்லை. அன்று வெட்டிய பாலை இரண்டு வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவள், பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். தொப்புள் பக்கத்துத் தையல் விட்டு, எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது.

மறுபடியும் அதே டாக்டர். "வெளியதாம்மா துளை சின்னது. உள்ளுக்குள்ள ஈரலோட ஒட்டியிருந்த ஒரு உறுப்பையே அறுத்து எடுத்திருக்கோம். சதை கூட நாளாகும். குடல் பிதுங்கி வந்திருக்கு, திரும்பவும் தியேட்டருக்குப் போகணும்" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. "யாரு உங்களை வேலைக்குப் போகச் சொன்னது?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் போனேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.