ஆலத்தியூரில் ஒரு கடல்

முகம் தெரியாத ஒருத்தியிடம் நான் சொன்ன பொய் இது.

செல்போன் செயலி ஒன்று மொழிபெயர்த்துத் தர, லிசாவோடு பழக்கமானேன். பிலிப்பைன்ஸ் தீவுக்காரி, அரபு நாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். "கடலைப் பார்த்து நான்கு வருடமாகிறது. உன் ஊரில் கடல் உண்டா?" என்று கேட்டாள். எங்கள் ஆலத்தியூரில் இருப்பது சிமெண்ட் ஆலைப் புழுதிதான். அப்படிச் சொன்னால் பேச்சை விட்டுவிடுவாளோ என்று பயந்து, "வீட்டுக்குப் பின்னாலேயே" என்று எழுதிவிட்டேன்.

பிறகு தினமும் காலையில், "இன்று கடல் எப்படி இருக்கிறது?" என்பாள். நானும் துணி காயப்போட்டபடியே அளந்துவிடுவேன். ஒருநாள், "எனக்காக ஒரு சிப்பி எடுத்து வை" என்றாள்.

எனக்கு உறுத்தியது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் கணவரிடம் சொன்னேன். மறுநாள் அவர் கல்லாகிப்போன ஒரு சிப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒரு காலத்துல இங்க கடலா இருந்துச்சாம். தோண்டத் தோண்ட இதான் வருது. இத அனுப்பு. ஆனா உண்மையச் சொல்லிடு."

அந்தச் சிப்பியின் படத்தோடு எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்பது நாள் பதில் இல்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பத்தாம் நாள் வந்தது: "கோபம்தான். ஆனால் காலையில் கேட்க வேறு யாரும் இல்லை. இன்று கடல் எப்படி இருக்கிறது?"

சேலையில் படிந்த புழுதியை உதறிவிட்டு, "அலை கொஞ்சம் அதிகம்" என்று எழுதினேன்.

ஒன்றை மட்டும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நான் கடலையே பார்த்ததில்லை. முதல் தடவை அவளோடுதான் பார்க்க வேண்டும்.