புல்லியில் ஒரு வெள்ளைக் கோடு

டாப் கியரிலேயே மேம்பாலம் ஏறத் திணறும் கார் அந்தச் சத்தத்தைப் போடும். தகரத் தட்டில் கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டாற்போல. ஜன்னலை மூடினாலும் விடுவதில்லை. வரவேண்டிய நேரத்துக்கு முன்பே தீப்பொறி வந்து, மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையில் அடிக்கிற சத்தம். அவசரத்தின் சத்தம். என் சத்தம்.

எண்பதுகளின் நடுவில் தாராவியில் நானும் என் தொழில் பங்காளியும் டாக்சிகளுக்கு டியூனிங் பார்த்தோம். இருவரும் திருநெல்வேலிப் பக்கம். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எங்களுக்குள் ஒரு வழக்கம்: கடைசியாக டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், வைத்தவர் அதைத் திருப்பிவைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட் தலையில் தன் நிறத்தில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். அவருக்கு மஞ்சள், எனக்குச் சிவப்பு. வண்டி கோளாறோடு திரும்பினால், பொட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, சீத்தா கேம்ப் டிரைவர் ஒருவர் அந்தச் சத்தத்தோடு வந்தார். பங்காளி டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி, சயான் பாலம் வரை ஓட்டிவிட்டு வந்தார். சத்தம் போயிருந்தது. மஞ்சள் பொட்டு வைத்தார். நான் விடவில்லை. கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிய டைமிங் லைட்டைத் துப்பாக்கிபோல் நீட்டினேன். ஒவ்வொரு தீப்பொறிக்கும் அது பளிச் பளிச்சென்று வெட்ட, என்ஜின் முன்னால் சுழலும் புல்லியின் வெள்ளைக் கோடு அசையாமல் நின்றது, நிற்கக்கூடாத இடத்தில்.

"பாரும், கோடு எங்கயோ போய் நிக்கி."

"கோடு கெடக்குவே. பாலத்துல சத்தமில்லாம ஏறிச்சுல்லா? அந்தப் புல்லியப் பாத்தா குர்லா பழைய இரும்புக் கடையில எடுத்து மாட்டினது மாதி இருக்கு. ஒண்ணாம் பிளக்கக் கழத்தி சைக்கிள் கம்பிய உள்ள விடும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கோடு எங்க நிக்கின்னு பாத்திரலாம்."

"லைட்டு பொய் சொல்லுமா?"

"லைட்டு சொல்லாது. கோடு சொல்லும். நான் தொழுதுட்டு வாரேன். அதுக்குள்ள அந்த லைட்டக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தாதயும்."

அவர் தெருமுனை திரும்பியதும் டிரைவர் அவசரப்படுத்தினார். "ஜல்தி, அண்ணாச்சி. மாட்டுங்கால சவாரி நிக்கி." கம்பி விட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். நான் பிளக்கைக் கழற்றவில்லை. கோடு என்ஜின் மேலுள்ள குறிக்கு நேராக வரும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி முறுக்கினேன். நின்ற இடத்தில் ஓடும்போது அந்தச் சத்தம் கேட்காது. ஓட்டிப் பார்க்கவும் இல்லை. சிவப்புப் பொட்டு? மறந்தேன் என்றுதான் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதே வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கண்டாலா மலையேற்றத்தில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்திருந்தது.

"எவம்லே கடைசியா கை வச்சது?" என்று கத்திக்கொண்டே டிரைவர் பானட்டைத் திறந்தார். மஞ்சள்.

பங்காளி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாந்தான்," என்றார்.

நான் சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சயான் டாக்சி ஸ்டாண்ட் முழுக்கப் பேச்சு பரவியது. "அந்த ஆளு கை ஏக்தம் பேகார், ஒண்ணுக்கும் ஆவாது," என்று அவர் முன்னாலேயே சொன்னார்கள். வண்டிகள் வந்தன, அவரைத் தொடவிடவில்லை. அந்த என்ஜினுக்கு வேறு பிஸ்டன் போட்டு மூடியபின், தனியாக இருந்த மத்தியானம் ஒன்றில், ஒன்றாம் பிளக் துளையில் சைக்கிள் கம்பியை விட்டேன். என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். கம்பி ஏறியது, ஏறி நின்றது. பிஸ்டன் உச்சியில். வெள்ளைக் கோடு குறியிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருந்தது. வேறு என்ஜினுக்கு வார்த்த புல்லி.

கம்பியை ஆணியில் திரும்ப மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்று சொல்லியிருந்தால் ஸ்டாண்டு முழுக்க என்னைத் திட்டியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் அவர் தாணேயில் ஒரு லேத் பட்டறைக்குப் போனார். டைமிங் வேலையே வேண்டாம் என்றுவிட்டார். டூல் பெட்டியை எடுக்க வந்த காலையில் வாசலில் நின்று, பெட்டியைக் கைமாற்றிக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணு கேக்கேன், மனசுல வச்சிக்கிடாதயும். அன்னைக்கு நான் பள்ளிக்குத் தொழப் போன பெறவு நீரு அதத் தொட்டீரா?"

"இல்லவே."

"அப்போ என் காதுதான் கெட்டுப்போச்சு," என்றார். "சரி, வாரேன்."