அத்தானை ஜெபம் செய்யவிடாமல் தடுப்பது எப்படி?

போன மாதம் ஒரு நாள், தாராவியிலிருந்து அக்கா ஆபீசுக்கே ஆள் அனுப்பியிருந்தாள். உடனே வரவேண்டுமாம். யாருக்கு என்னவோ ஏதோ என்று பதறிப்போய், வழக்கமாக வீட்டுக்குப் போகும் செம்பூர் ரயிலை விட்டுவிட்டு வேறு ரயில் பிடித்து, சயானில் இறங்கி ஓடினேன்.

அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, ஞாயித்துக்கிழம எஸ்தரப் பொண்ணு பாக்க வருதாவ. ஒங்க அத்தான் ஜெபம் பண்ணிரப்படாது. அது ஒன் பொறுப்பு."

எப்படி இருக்கிறது கதை? என் அத்தான் ஒரு பிரசங்கியார். ஜெபம் செய்வதுதான் அவர் வேலையே. அவருடைய வீட்டில், அவருடைய மகளைப் பெண் பார்க்க வருகிற அன்று, அவரை ஜெபம் செய்யவிடாமல் நான் தடுக்க வேண்டும்!

சிரிக்காதீர்கள். அக்காவின் பயத்தில் நியாயம் இருந்தது.

வாசகர்களில் பலருக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. எங்கள் வீடுகளில் ஜெபம் என்றால் மனப்பாடச் சுலோகம் இல்லை. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, மனதில் இருப்பதைச் சொந்த வார்த்தையில் ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்வார். மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆண்டவருக்குச் சொல்வது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும் என்பதுதான் இதில் உள்ள சௌகரியம்... அசௌகரியமும்கூட.

அக்காவே இதில் கைகாரி. "ஆண்டவரே, நாளைக்கு ரேஷன் கடையில அரிசி போடுதாவளாம். வெள்ளன எந்திரிச்சி வரிசையில நிக்க ஒரு ஆளு மனசுல ஏவும்" என்று குடும்ப ஜெபத்தில் உருகுவாள். அந்த அறையில் இருக்கும் ஒரே ஆண்பிள்ளை அத்தான். ஆண்டவர் யாரை ஏவுவார்?

ஆனால் அக்கா சொல்ல நினைத்ததைத்தான் சொல்வாள். அத்தான் அப்படி இல்லை. கண் திறந்திருக்கும்போது அவரைப்போல நாசூக்கானவர் கிடையாது. காப்பி கழுநீராக இருந்தாலும் "பிரமாதம்" என்பார். பாட்டு அபஸ்வரமாக இருந்தாலும் "நல்ல குரல்" என்பார். கண்ணை மூடினாரோ... போச்சு! ஆண்டவரிடம் எதையும் மறைக்கத் தெரியாது அவருக்கு.

இதற்கு முன்னால் மாட்டுங்காவிலிருந்து ஒரு வரன் வந்தது. எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும் நேரம். அத்தான் ஜெபத்தை ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சாயங்காலமானால் கொஞ்சம் தொண்டையை நனைத்தாக வேண்டும் என்று யாரோ அத்தானின் காதில் போட்டிருந்தார்கள். பம்பாயிலோ மதுவிலக்கு. நனைப்பதானால் சந்து பொந்தில்தான் நனைக்க வேண்டும். அத்தான் மனமுருகிச் சொன்னார்: "இந்தக் குடும்பத்தின் தலைவர், பொழுது சாய்ந்ததும் அந்தச் சந்துக்குள் நுழையாதபடிக்கு, அவருடைய கால்களைக் கட்டிப்போடும் ஆண்டவரே!"

கட்டிப்போட வேண்டிய அந்தக் கால்கள் படியிறங்கிப் போன வேகம் இருக்கிறதே! விட்டுப்போன குடையை எடுக்கக்கூட அவர்கள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு வரனே அமையவில்லை. எஸ்தருக்கு இருபத்தாறு நடக்கிறது. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாள். இப்போது வந்திருக்கும் மாப்பிள்ளை தேவராஜ், செம்பூர்ப் பக்கம் ஒரு ஆலையில் ஃபிட்டர். வீடு டோம்பிவிலியில். அப்பா இல்லை, அம்மா மட்டும். நல்ல இடம். ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்குப் பிறகு எஸ்தர் வேலைக்குப் போகக்கூடாது.

"எஸ்தர் என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

"தலைய ஆட்டிட்டா. வேற என்ன சொல்லணும்?"

சரிதான். இந்த இடமும் கைவிட்டுப் போனால் இனி யார் வருவார்கள்? அக்காவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

திட்டம் அக்காவுடையது. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து மணிக்கு வருவார்கள். அத்தானிடம் ஏழு என்று சொல்லிவிடுவது. அவர் அன்று மத்தியானம் தாணேயில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போகிறார். அத்தான் ஒரு வீட்டுக்குப் போனால் ஒன்பது வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வருவார். அதற்குள் நான் ஒரு சின்ன ஜெபம் செய்து முடித்துவிட வேண்டும்.

"எனக்கு எங்கே அக்கா ஜெபம் வரும்?"

"வாராவாரம் பத்திரிகைல அம்புட்டு எழுதுத. நாலு வரி ஜெபம் பண்ண முடியாதோ?"

இன்னொரு வேலையும் தந்தாள். கிங்ஸ் சர்க்கிளில் மைசூர்பாகு வாங்க வேண்டும். ஆனால் கடைப் பெட்டியில் வேண்டாம். வீட்டுச் சம்படத்தைக் கொண்டுபோய் அதிலேயே வாங்கிவர வேண்டும். செய்தது எஸ்தர். புரிந்ததல்லவா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பக்கத்து அறைகளிலிருந்து இரவல் நாற்காலிகள் வந்தன. மாப்பிள்ளையும் அம்மாவும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். தேவராஜ் வாயே திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் அவன் அம்மாதான் பதில் சொன்னார். எஸ்தர் டீ கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா மைசூர்பாகைக் கடித்துவிட்டு, "நீயா பண்ணுன? கையில நல்ல பக்குவம்" என்றார். எஸ்தர் சேலை மடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் பேசியாயிற்று. அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் எழுந்து, தொண்டையைக் கனைத்து, "எங்கள் பரம பிதாவே..." என்றேன்.

கதவு திறந்தது. ஒரு கையில் குடை, அக்குளில் வேதப்புத்தகம், முகமெல்லாம் சிரிப்பு. அத்தான்!

தாணேயில் அந்த வீட்டார் ஊருக்குப் போய்விட்டார்களாம். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று ஒரு ஜெபம் செய்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்து வந்துவிட்டார்.

"அட, ஐயாவே வந்துட்டாவளே!" மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "நீங்க இருக்கையில வேற ஆளு ஜெபிச்சா நல்லாவா இருக்கும்? ஒரு வார்த்த ஜெபிங்கய்யா, நாங்க பொறப்படுதோம்."

ஊழியக்காரர் இருக்கும் வீட்டில் இதற்கு மறுப்பே கிடையாது. நான் உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அத்தான் கண்ணை மூடினார். முதலில் மேடைத் தமிழ்தான். பம்பாய் நகரத்துக்காக ஸ்தோத்திரம். மழைக்காக ஸ்தோத்திரம். வந்திருக்கும் குடும்பத்துக்காக ஸ்தோத்திரம். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. இன்றைக்குத் தப்பித்தோம்... ஆனால் வீட்டு விஷயத்துக்கு வந்ததும் மேடைத் தமிழ் கழன்று, வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"ஆண்டவரே, ஒமக்குத் தெரியாதது என்ன இருக்கு? நேத்து கிங்ஸ் சர்க்கிள்ல நான் பஸ்ஸுக்கு நிக்கையில, என் மச்சினன் சம்படத்தத் தூக்கிட்டு மிட்டாய்க் கடையில நின்னான். பாக்கப் பரிதாபமா இருந்துச்சு. அந்த மைசூர்பாகு எஸ்தர் பண்ணுனது இல்ல. அவளுக்கு வெந்நி வைக்கத்தான் தெரியும்."

எனக்குக் காது சுட்டது. பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா? தாராவியில் அதற்கும் இடமில்லை.

அத்தான் நிறுத்தவில்லை. குரல் மட்டும் இறங்கிவிட்டது.

"வேலைய விடுதேன்னு அவ தலைய ஆட்டிட்டா ஆண்டவரே. ஆனா இன்னைக்குக் காலையில கோயிலுக்குப் பொறப்படும்போது, சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னு அழுதா. அவ அம்மா பாக்கல. நான் பாத்தேன். நீரும் பாத்தீர். பொய் சொல்லி எம்புள்ளைய அனுப்ப எனக்கு மனசு இல்ல. ஒமக்குச் சித்தமானத நீரே செய்யும்..."

இங்கே 'ஆமென்' வரவேண்டும். வரவில்லை.

ஒருவரும் அசையவில்லை. ஆமென் சொன்னால் கண்ணைத் திறக்க வேண்டும். திறந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். யாருக்கு அந்தத் தைரியம் இருக்கிறது? போச்சு, இந்த இடமும் போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அப்போது ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா. அவரும் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்!

"ஆண்டவரே, எங்க வீட்டுல ஃபேன் இருக்குன்னு சொன்னேன். இருக்கு. ஓடாது. வேலைய விடணும்னு சொன்னது எம்மவன் இல்ல, நாந்தான். அவன் இருட்டோட போறான், இருட்டோட வாரான். டோம்பிவிலில சுத்திலும் மராட்டி. எனக்கு ஒரு வார்த்த தெரியாது. பகல் முழுக்க சுவத்தோடதான் பேசுதேன். மருமக வந்தாலாவது வீட்டுல ஒரு தமிழ்க் குரல் கேக்குமேன்னு நெனச்சேன். அவ அழுவான்னு நெனைக்கல ஆண்டவரே."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அடுத்து அக்கா. நாலு வரி ஜெபத்தில் வேலையை முடிக்கும் என் அக்காவா இவள் என்று இருந்தது.

"ஆண்டவரே, அந்த அம்மாவ நம்ம வீட்டுக்கு வரச் சொல்லும். எஸ்தரும் அவுகளும் ஒரே ரயில்ல ஏறட்டும். இவ கோட்டைக்குப் போவட்டும், அவுக சயான்ல எறங்கட்டும். நானும் பகல் முழுக்கத் தனியாத்தான இருக்கேன்? ஒம்ம ஊழியக்காரர் ஊருல உள்ள அம்புட்டு வீட்டுலயும் சாப்பிடுதாரு, எங்கூட மட்டும் ஒக்காந்து சாப்பிட நேரமில்ல. இருவத்தெட்டு வருசமா மத்தியானம் ஒருத்திக்குப் பொங்கித் திங்குதேன். ஒரு நாளாவது அவருகிட்டச் சொன்னேனா?"

அத்தான் வேதப்புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லுகிற மனிதர்... அவருக்கு அன்று ஒரு வசனமும் கைகொடுக்கவில்லை. எத்தனை முறை அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அக்கா யாரோடு சாப்பிடுகிறாள் என்று நான் கேட்டதுண்டா?

கடைசியாக, சுவரோரமாய் ஒரு மெல்லிய குரல். எஸ்தர்.

"ஆண்டவரே... வேலைய மட்டும் விடச் சொல்லாதேயும். மைசூர்பாகு கத்துக்கிடுதேன்."

"ஆமென்!"

கணீரென்று ஒரு ஆண் குரல். அத்தான் குரல் இல்லை, என்னுடையதும் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், தேவராஜ். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை. அவன் கண் ரொம்ப நேரமாகவே திறந்திருந்தது என்பது என் சந்தேகம். எதிரே எஸ்தரின் கண்ணும் அப்படித்தான். ஆறிப்போன டீயை எல்லோரும் மளமளவென்று குடித்தோம்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. வீட்டுக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். கையை நீட்டினால் தொடும் தூரம். ஆனாலும் நேராக லைன் கிடைப்பதில்லை. நடுவில் ஆண்டவர் ஆபரேட்டராக உட்கார்ந்து இணைத்துவிட வேண்டியிருக்கிறது!

கல்யாணம் தை மாதம். எஸ்தர் வழக்கம்போல் கோட்டைக்குப் போய்வருகிறாள், கல்யாணத்துக்குப் பிறகும் போவாள். அவள் மாமியார் தை மாதம்வரை பொறுக்கவில்லை. இப்போதே வாரத்தில் நாலு நாள் சயானில் வந்து இறங்கிவிடுகிறார். அக்கா ஸ்டேஷனுக்கே போய் அழைத்துவருகிறாள்.

நேற்று லீவு போட்டுவிட்டு மத்தியானம் அங்கே போனேன். ஆச்சரியம்! அத்தான் வீட்டில் இருந்தார். அக்காவுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நடுவில் சம்மணம் போட்டு, ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். அந்த நாலு நாளும் இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறாராம். அக்கா முகத்தில் பெருமை தாங்கவில்லை. எனக்கும் சந்தோஷம் பொங்கியது. கைகழுவப் போனபோது அத்தானின் தோளைத் தட்டினேன்.

"அக்கா கையால் சாப்பிட இப்போதாவது நேரம் கிடைத்ததே, அத்தான்!"

அத்தான் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் காதருகில் குனிந்தார்.

"சாப்பாட்டுக்கா வாரேன், மாப்ளே? சாப்பிட்டு முடிச்ச ஒடனே ரெண்டு பேரும் கண்ண மூடி ஜெபத்துல ஒக்காந்துருதாவ. நான் இல்லேன்னா, ஆண்டவர்கிட்ட என்னயப் பத்தி என்னென்ன சொல்லுவாவளோ!"