கலந்துபோன அப்பம்

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஞானஸ்நானம் கொடுத்தபோது கூப்பிட்டதோடு சரி, அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை. எல்லாருக்கும் அவர் ஃபியூஸ். வயரிங் வேலை பார்க்கிறவர் என்பது பாதிக் காரணம்தான். நாலு பேர் முன்னால் நிறுத்தினால் பொட்டென்று அணைந்துவிடுவார் என்பது மீதி. கம்பத்தின் மேல் ஒரு காலை ஊன்றி, கரண்ட் ஓடும் ஒயரைச் சிரித்துக்கொண்டே முறுக்குகிறவர், கீழே இறங்கி வீட்டுக்காரம்மாவிடம் "வேலை முடிந்தது" என்று சொல்ல மூன்று தடவை தொண்டையைச் செருமுவார். பெண் கேட்கப் போன வீட்டில் தலை நிமிராமல் சுவிட்ச் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் நடக்கவில்லை. அந்த வீட்டுக்குப் புது வயரிங் மட்டும் நடந்தது.

இப்படிப்பட்டவரைத்தான் சாமியார் ஞாயிறு வழிபாடு நடத்தச் சொல்லிவிட்டார். சாமியாருக்கு நிறையக் கோயில்கள், ஒரே உடம்பு. இந்தச் சின்னக் கோயிலுக்கு மாதம் ஒருமுறைதான் வந்து பூசை வைக்க முடியும். மற்ற ஞாயிறுகளில் யாராவது வாசகம் வாசித்து, செபம் சொல்லி, பீடத்துப் பேழையில் சாமியார் வைத்துவிட்டுப் போகும் நன்மையை, அந்தப் புனித அப்பத்தை, எடுத்துக் கொடுக்க வேண்டும். "படிச்சவங்களை விட்டா ஆளுக்கொரு பிரசங்கம் வைப்பாங்க. இவன் தாளைத் தாண்டி ஒரு வார்த்தை பேசமாட்டான்" என்றார் சாமியார். அது பாராட்டா திட்டா என்று ஃபியூஸ் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். சாமியாரின் நாற்காலியில் உட்காரக் கூடாது, கையை உயர்த்தி ஆசீர் கொடுக்கக் கூடாது, பேழைச் சாவி யார் கைக்கும் போகக் கூடாது. முதல் இரண்டிலும் அவருக்குச் சிரமமே இல்லை. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போகவே அவருக்குப் பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டிலேயே தையல்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். சட்டை மட்டும் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. இளைக்க இளைக்க அவரே பிடித்துத் தைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"நாளைக்குக் காலையில நெஞ்சைப் பிளக்கறாங்க தம்பி. ஊரு துணியெல்லாம் வெட்டித் தச்சேன். இப்ப என் முறை."

"ஒண்ணும் ஆகாது அண்ணே."

"ஆகும் ஆகாதுன்னு டாக்டரே சொல்லல. நீ சொல்றியா? ராத்திரி கண்ணை மூடினா கத்திரிக்கோல் சத்தம் கேக்குது. இன்னிக்கு நன்மை வாங்கிட்டேன்னா அந்த மேசையில படுத்துடுவேன். அதுக்குத்தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஏறி வந்தேன்."

ஃபியூஸ் தலையாட்டிவிட்டு, பீடத்துக்குப் பின்னால் உள்ள சக்ரீஸ்து அறைக்குள் நுழைந்தார். உள்ளே அவருடைய அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலை. உலகத்திலுள்ள எந்தத் துணியையும் நாலாக மடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். தாய் தகப்பன் போன பிறகு இவரை ஆளாக்கியவள் அவள்தான். இப்போதும் எல்லார் எதிரிலும் காலரைச் சரிசெய்து விடுவாள்.

"நேத்து நீ ஏணி மேல நின்னு விளக்கு மாட்டிக்கிட்டிருந்தியே, அப்ப உன் சாவியை வாங்கிப் பேழைக்குள்ள துணி மாத்தினேன்ல? பாத்திரத்தைத் திறந்து பார்த்தா அடியில கொஞ்சம்தான் கிடக்கு" என்றாள் அக்கா.

"பாத்திரத்தை ஏன் அக்கா திறந்தே?"

"பாதி வரிசையில தீர்ந்துபோனா நீ திருதிருன்னு முழிப்பியே. அதான் டப்பாவுல இருந்ததைக் கொட்டி நிரப்பி வச்சுட்டேன். எதுக்குடா இப்படிப் பார்க்குறே?"

டப்பாவில் இருப்பவை வெறும் அப்பங்கள். அடுத்த பூசையில் சாமியார் உயர்த்திப் பிடித்து, வார்த்தை சொல்லி எழுந்தேற்றம் செய்யும்வரை அவை மாவும் தண்ணீரும்தான். பேழைக்குள் இருந்தவை சாமியார் கையால் எழுந்தேற்றம் ஆனவை. அவை ஆண்டவரின் திருவுடல். இரண்டும் ஒரே கன்னியர் மடத்தில் சுட்டவை, ஒரே வட்டம், ஒரே வெள்ளை.

ஃபியூஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கொட்டினப்போ மேல மேலதானே கொட்டினே? அடியில உள்ளது அடியிலேயே இருக்கும்ல?"

"சமமாப் பரவட்டும்னு கொஞ்சம் குலுக்கினேன்."

"குலுக்கினியா."

"ஏன், பேழைக்குள்ள பக்கத்துல பக்கத்துல இருந்தா அதுக்கும் ஒட்டிக்காதா?" என்று கேட்டுக்கொண்டே வந்த அக்காவின் குரல் பாதியில் தேய்ந்தது. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். ஐம்பது வயதில் முதல்முறையாகத் தன் தம்பியைப் பார்த்து அவள் பயந்தாள். "டேய், டீச்சருக்குத் தெரிஞ்சா என்னை இந்தப் படியே ஏறவிடமாட்டாங்க."

டீச்சர் ஓய்வுபெற்றும் ஓயாதவர். வயர் பிடிக்கிறவன் வழிபாடு நடத்துவதா என்று மேலிடத்துக்குப் புகார் சொன்னவர். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, இவர் ஒரு எழுத்தை விழுங்கினாலும் உதட்டால் திருத்துவார்.

மணி அடித்தது. ஃபியூஸ் வெளியே போனார்.

முதல் வாசகத்தை யார் வாசித்தது, என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. சாமியார் அனுப்பிய பிரசங்கத் தாளை அவர் வாய் வாசித்தது; மூளை வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்குத் தெரியும்? கொடுத்துவிடலாம். சிலருக்கு நிஜமே கிடைக்கும். தையல்காரருக்கும் நிஜமே கிடைக்கலாம். கிடைக்காவிட்டாலும் அவருக்குத் தெரியவா போகிறது? தைரியமாகப் போய்ப் படுப்பார். பிழைத்து வருவார். ஒருவேளை வராவிட்டால்? அந்த மனிதர் கடைசியாக வாங்கியது வெறும் மாவு என்று தெரிந்த ஒரே ஆளாக, இந்தப் பூமியில் மிச்ச நாளெல்லாம் ஃபியூஸ் நடமாட வேண்டும்.

ஒவ்வொருவர் கையிலும் வைக்கும்போது "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் நம்பி "ஆமென்" சொல்வார்கள். கரண்ட் உள்ள ஒயரும் செத்த ஒயரும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அதற்கு டெஸ்டர் இருக்கிறது, வைத்தால் சிவப்பாக எரியும். இதற்கு எதை வைத்துப் பார்ப்பது? சட்டைப் பையில் இருந்த டெஸ்டரை அவர் விரல் தானாகத் தடவியது. வேர்வையில் வழுக்கியது.

கர்த்தர் கற்பித்த செபம் முடிந்தது. எல்லாரும் முழந்தாளிட்டார்கள். பேழையின் முன் அவரும் முழந்தாளிட்டார். சாவி கையில் இருந்தது. எழுந்திருக்க வேண்டிய நேரம் வந்து, தாண்டி, இன்னும் தூரம் போனது. பின்னால் யாரோ இருமினார்கள்.

எழுந்து, வெறுங்கையோடு மைக்கிடம் வந்தார். அவர் வாழ்க்கையில் தாள் இல்லாமல் மைக்கில் பேசியது அதுதான் முதல்முறை.

"இன்னிக்கு நன்மை கொடுக்க முடியாது." மைக் கூவியது. அவர் சொந்தமாக மாட்டிய மைக். "பேழையில சாதா அப்பமும் கலந்துடுச்சு. எது எதுன்னு எனக்குத் தெரியல. தெரியாம உங்க கையில வச்சு, அந்த வார்த்தையை என்னால சொல்ல முடியாது. சாவியைக் காக்க வேண்டியவன் நான். காக்கல."

சுவரோரம் நின்ற அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் எழுந்தார்.

"யாரு கலந்தது?" என்றார் டீச்சர்.

"சாவி என்னுது டீச்சர்."

"நான் கேட்டது அது இல்லையே."

"என்கிட்ட அந்த ஒரு பதில்தான் இருக்கு டீச்சர்."

டீச்சரின் கண் சுவரோரமாக ஒரு சுற்றுப் போய்த் திரும்பியது. "கழுத்துல கயிறு கட்டி மாட்டிக்கோ இனிமே. சின்னப் பிள்ளைங்களுக்குத் தண்ணி பாட்டில் மாட்டற மாதிரி. சரி, எல்லாரும் கண்ணை மூடுங்க. மனசால வாங்குவோம். அதுக்குப் பாத்திரம் வேண்டாம்."

எல்லாரும் மூடினார்கள். தையல்காரர் மட்டும் மூடவில்லை. பேழையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் ஃபியூஸ் தாங்கிக்கொண்டிருப்பார். வழி தவறிய குழந்தைபோல் பார்த்தார்.

வழிபாடு முடிந்ததும் ஃபியூஸ் சாமியாருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஆனால் பெரிய கோயிலில் அவருடைய சாயங்காலப் பூசை உண்டு என்பது தெரியும். நெடுஞ்சாலை வழியாகப் போக வேண்டும், லாரிகளுக்கு நடுவே. ஃபியூஸ் பைக்கை எடுத்தால் சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போவார்கள். சாயங்காலம் தையல்காரர் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"ஏறுங்க அண்ணே."

"உன் வண்டியிலயா?" தையல்காரர் பைக்கைப் பார்த்தார், ஃபியூஸைப் பார்த்தார். "நாளைக்கு ஆகறது இன்னிக்கே ஆயிடும் போலிருக்கே."

அக்கா எங்கிருந்தோ ஹெல்மெட்டோடு வந்தாள். தையல்காரர் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இறுக்கினாள். பிறகு தம்பியின் காலரைச் சரிசெய்தாள். விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

நெடுஞ்சாலையில் ஒவ்வொரு லாரியும் கடக்கும்போது பைக் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஃபியூஸ் "அருள் நிறைந்த மரியே" சொன்னார். பயத்தில் பாதியை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். விட்ட பாதியைப் பின்னாலிருந்து தையல்காரர் முடித்தார். இடுப்பைப் பிடித்திருந்த கை நடுங்கியது. எந்த நடுக்கம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பெரிய கோயிலில் பிரசங்கம் முடிந்திருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். வரிசை நகர்ந்தது. சாமியார் தையல்காரரின் உள்ளங்கையில் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். தையல்காரரின் "ஆமென்" தூண் தாண்டிக் கேட்டது.

திரும்பி வந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தவரிடம் ஃபியூஸ் மெல்லக் கேட்டார். "பயம் போயிடுச்சா அண்ணே?"

"எங்க போகும். அப்படியேதான் இருக்கு." ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நாளைக்கு அதையும் கூட்டிக்கிட்டுப் போய்ப் படுப்பேன், அவ்வளவுதான்."

பூசை முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். சக்ரீஸ்து கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சாமியார் உடுப்பைக் கழற்றும் சரசரப்பு. நடந்ததை அவரிடம் சொல்ல வேண்டும். ஃபியூஸ் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். தொண்டையைச் செருமினார். இரண்டாவது செருமலில் தையல்காரர் அவர் முதுகில் கையை வைத்து, நாளைக்கு அறுக்கப்போகிற நெஞ்சில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, கதவை நோக்கித் தள்ளினார்.